இரு கதவும் நீண்ட பெட்டியும்

வண்டி ஒன்றைக் கண்டால் அது எந்த நாட்டிற் செய்யப்பட்டது, என்ன விலை, எத்தனை மைல் ஓடியது என்று கேட்பதே நம்மவர் வழக்கம். அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலர். இன்று யான் பேச எடுத்துக்கொண்ட வண்டி அந்தக் கேள்வியை நம்மிடம் வலிந்து எழுப்புவது. முன்னே இரண்டு கதவுகளும் ஒரேயோர் இருக்கை வரிசையும், பின்னே திறந்த நீண்ட பெட்டியுமாக அமைந்த சிறிய சுமைவண்டியையே குறிப்பிடுகிறேன். பிற நாட்டார் இதனைப் பிக்கப் என்பர். நம் நாட்டில் கெப் என்கிறோம். இருக்கை வரிசை ஒன்றாயின் சிங்கிள் கெப், இரண்டாயின் டபுள் கெப்.

இந்த வகை வண்டிக்குத் தாயகம் போன்றது ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1980ஆம் ஆண்டுகளில் தெருத்தோறும் ஓடிய இரு கதவுச் சிறுவண்டி, 2014ஆம் ஆண்டு மாதிரியோடு டொயோட்டா டக்கோமாவின் ஒற்றை வரிசை வகை நிறுத்தப்பட்டதும், அந்த அளவுடைய வண்டிகளின் விற்பனைக் கூடங்களிலிருந்து முற்றாக மறைந்தது. மறைந்த பின்னரே அதனை வேண்டுவோர் பலர் உளர் என்பது வெளிப்பட்டது. இருபது முப்பது ஆண்டு பழைய வண்டியைத் தேடிப் பிடித்துத் துருவைச் சுரண்டிப் புதுக்கி ஓட்டுகின்றனர். இதனைப் பழமைமேற் கொண்ட மயக்கம் என்று ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு ஒதுக்க முடியாது என்பதே என் எண்ணம். அதற்குரிய காரணம் கணக்கில் இருக்கிறது.

நேயர்களே, கரும்பலகை இல்லாத இடத்தில் கணக்குச் சொல்வது சிறிது கடினம். ஆயினும் நான்கே எண்களைத்தான் கேட்கிறேன். 2005ஆம் ஆண்டு புதிதாக வந்த அந்த டக்கோமாவையே எடுத்துக்கொள்வோம். ஒற்றை வரிசையும் ஆறடிப் பெட்டியும் உள்ள வண்டியின் முழு நீளம் ஏறத்தாழ 190 அங்குலம். பெட்டியைக் குறைக்காமல், சாமான் வைக்கவும் ஒடுங்கி உட்காரவும் போதிய சிறு பின்னிடம் சேர்த்தால் 208 அங்குலம். முழு நான்கு கதவும் நல்ல பின்னிருக்கையும் வைத்து, நீளம் 208ஐத் தாண்டாமற் பார்த்தால் பெட்டி ஐந்தடியாகக் குறுகும். நான்கு கதவும் வேண்டும், ஆறடிப் பெட்டியும் வேண்டும் என்றாலோ வண்டி 221 அங்குலமாக வளரும். ஆகவே பின்னிருக்கை ஒன்றின் விலை 31 அங்குலம். அதனை ஒன்றிற் பெட்டியிலிருந்து வெட்டிக் கொடுக்கவேண்டும். அல்லது தெருவிலிருந்து பிடுங்கிக் கொடுக்கவேண்டும்.

தெருவிலிருந்து பிடுங்குவது எத்தகையது என்பதை ஒழுங்கைகளில் வாழும் நமக்கு விளக்கத் தேவையில்லை. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையேயுள்ள தூரம் அந்த ஒற்றை வரிசை வண்டியில் 109 அங்குலம். நீண்ட நாற்கதவு வண்டியில் 141 அங்குலம். முன்னது ஒரே திருப்பில் திரும்புமிடத்தில் பின்னது வேலிக்கும் மதகுக்குமிடையே முன்னும் பின்னும் போய்ச் சாரதியின் பொறுமையைச் சோதிக்கும்.

பெட்டியிலிருந்து வெட்டுவதன் தீங்கு இவ்வளவு வெளிப்படையானதன்று. பின் அச்சுக்குப் பின்னால் வண்டியின் வால் நீளுவதற்கு எல்லையுண்டு. ஆதலால் நாற்கதவு வண்டியில் பெட்டி குறுகும்போது, அச்சுக்கு முன்னேயுள்ள பகுதியே முதலில் இழக்கப்படுகிறது. தராசுக் கோலை நினைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சே அதன் நடுமுள். அச்சுக்கு முன்னே வைத்த மூட்டை முன் சில்லுகளையும் நிலத்தோடு அழுத்தும். பின்னே வைத்த மூட்டை முன்பகுதியைத் தூக்கப் பார்க்கும். முன்பகுதி இலேசானால் திருப்பும் வளையத்துக்கு வண்டி சரியாக அடங்காது. தடை போடும்போது முன் சில்லுகள் தம் பங்கைச் செய்யா. குறுகிய பெட்டியில் சுமையேற்றிப் பின்பலகையைத் திறந்து அதன் மேலும் சாமான் நீட்டிச் செல்லும் வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்த வண்டியின் முன் சில்லுகள் படும் பாட்டை யாரும் காண்பதில்லை.

இன்னுமொன்று. வண்டி, ஆட்கள், சுமை யாவும் சேர்ந்த மொத்த நிறைக்குச் செய்தவர் ஒரு வரம்பு விதிக்கிறார். மேலதிகமான இரண்டு கதவுகள், கண்ணாடிகள், இருக்கை, அவற்றைத் தாங்கும் இரும்பு ஆகியவற்றின் நிறை அந்த வரம்புக்குள்ளேயே அடங்கவேண்டும். எனவே ஆளேறாத நாளிலும் அந்த இருக்கை ஏதோ சில மூட்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கூலியும் கொடாமல் வருகிற பயணி அது.

இத்தனை நன்மையுள்ள வண்டி ஏன் மறைந்தது? இதற்கு விடை ஒன்றல்ல. கதை ஒரு கோழியிலிருந்து தொடங்குகிறது என்றால் நகைப்பீர்கள். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவான கோழியிறைச்சி மேற்கு யேர்மனி முதலிய நாடுகளில் வந்து குவிந்தது. ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் அதன்மீது தீர்வையை உயர்த்தின. பதிலடியாக 1963 டிசம்பரில் சனாதிபதி ஜோன்சன் நான்கு பொருள்கள்மீது 25 வீதத் தீர்வை விதித்தார். உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்திரின் என்னும் பசைமா, பிராந்தி, சிறு சுமைவண்டி என்பனவே அந்த நான்கு. மற்றை மூன்றின்மீதிருந்த தீர்வை பின்னர் நீங்கிற்று; சுமைவண்டியின்மீது விதித்தது மட்டும் ஒரு தலைமுறைக்கு மேலாக நிலைத்துவிட்டது. யேர்மனியரை நோக்கி எய்த அம்பு காலப்போக்கில் யப்பானியரின் வழியை மறித்தது.

யப்பானியர் என்ன செய்தனர்? சாரதி அறையையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகவும், பெட்டியைத் தனியாகவும் அனுப்பினர். பெட்டியில்லாத வண்டி முழு வண்டி அன்றாதலின் அதற்குத் தீர்வை 4 வீதமே. துறைமுகத்தில் இறக்கிய பின் பெட்டியைத் தூக்கி வைத்துப் பூட்டினர். இந்த வழி 1980ஆம் ஆண்டில் அடைக்கப்பட்டது. அதற்கு முன்னரே சுபாரு நிறுவனம் வேறொரு வேடிக்கை செய்திருந்தது. 1978ஆம் ஆண்டு மாதிரியாக வந்த தனது பிராட் என்னும் சிறுவண்டியின் திறந்த பெட்டிக்குள்ளேயே பின்னோக்கிய இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்திற்று. இருக்கை இருப்பதால் இது ஆட்களை ஏற்றும் கார், சுமைவண்டி அன்று என்பது வாதம். சனாதிபதியாக விளங்கிய றொனால்ட் றேகன் தமது பண்ணையில் இத்தகைய வண்டியொன்றை வைத்திருந்தார். மழையிலும் வெயிலிலும் முதுகைக் காட்டிக்கொண்டு அந்த இருக்கையில் அமர்ந்து போனவர்களின் கருத்து யாது என்பதை எந்த வரலாறும் எழுதவில்லை.

வெளிநாட்டு வண்டிகளுக்குக் கதவு இவ்வாறு அரைவாசி மூடப்பட்டபின் உள்நாட்டார் தாமே சிறுவண்டி செய்தனர். ஷெவ்ரொலேயின் எஸ்-10 என்பதும் ஃபோர்ட் நிறுவனத்தின் றேஞ்சர் என்பதும் 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிவந்தன. றேஞ்சரில் ஆறடிப் பெட்டி, ஏழடிப் பெட்டி என இரண்டு வகை. ஏழடிப் பெட்டியுடைய முதற்காலத்து வண்டியின் முழு நீளம் ஏறத்தாழ 188 அங்குலந்தான். இந்த எண்ணை மனத்தில் இருத்துங்கள். அதே நிறுவனம் 2022ஆம் ஆண்டு மாதிரியாக மேவரிக் என்னும் வண்டியை வெளியிட்டது. சிறியது, சிக்கனமானது என்று பலரும் பாராட்டினர். பாராட்டுக்கு உரியதும் ஆகும். அதன் நீளம் ஏறத்தாழ 200 அங்குலம். கதவு நான்கு. பெட்டியோ நாலரை அடி! வண்டி ஓரடி வளர்ந்தது. பெட்டி இரண்டரை அடி தேய்ந்தது.

இடையில் நிகழ்ந்தது யாது? முதலாவது, வாங்குவோர் மாறினர். 1973ஆம் ஆண்டில் டொட்ஜ் நிறுவனம் தனது பெரிய சுமைவண்டியின் இருக்கைக்குப் பின்னே சிறிது இடம் விட்டு அமைத்தது. 1977ஆம் ஆண்டில் டட்சன் தனது சிறுவண்டியில் கிங் கெப் என்ற பெயரால் அதனையே செய்தது. மழையில் நனையாமல் ஒரு பையை வைக்கக் கிடைத்த அந்த இடம் எல்லோரையும் கவர்ந்தது. பையை வைத்த இடத்திற் பிள்ளையை வைத்தனர். பிள்ளை வளர்ந்ததும் முழு இருக்கை கேட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரே வண்டிதான் என்றால், அது கிழமை நாளில் வேலைக்கும் ஞாயிறன்று உறவினர் வீட்டுக்கும் போகவேண்டும். இதனைக் குறைசொல்ல எவராலும் முடியாது.

இரண்டாவது காரணம் இலாபம். ஒற்றை வரிசை வண்டியை வாங்கியவர் பெரும்பாலும் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள். பூச்சிகொல்லி தெளிப்பவர், தோட்டம் பராமரிப்பவர், உதிரிப்பாகம் கொண்டுசெல்லும் கடைக்காரர் ஆகியோர் தோலிருக்கையும் பளபளக்கும் சில்லும் கேட்பதில்லை. கேளாதவரிடத்தில் இலாபம் குறைவு. நான்கு கதவு வண்டியை வாங்குபவர் நான்கு கதவோடு நிற்பதில்லை.

மூன்றாவது காரணம் சட்டத்தின் வழியாக வந்தது. அமெரிக்காவில் வண்டிகளின் எரிபொருட் சிக்கனத்துக்கு அளவு விதிக்கும் முறை சுமைவண்டிகளைப் பொறுத்தவரை 2011ஆம் ஆண்டு மாதிரி முதல் மாற்றமடைந்தது. நான்கு சில்லுகளும் நிலத்தில் வரையும் நீள்சதுரத்தின் பரப்பைக் கணக்கிட்டு, பரப்புக் குறைந்த வண்டி கூடிய சிக்கனத்தைக் காட்டவேண்டும் என்று விதித்தனர். வண்டியைச் சிறிதாக்குவதால் மட்டும் சலுகை கிடையாது. சிறிதாக்கினால் தேர்வு கடினமாகும். மாணவன் ஒருவன் கட்டையானவன் என்பதற்காக அவனுக்குக் கூடிய புள்ளியெல்லை வைப்பது போன்றது. இவ்விதி ஒன்றே சிறுவண்டியைக் கொன்றது என்று சிலர் எழுதுவது மிகை. முன்னைய இரண்டு காரணங்களும் வலியவை. இது தன் பங்குக்கு ஒரு தள்ளுத் தள்ளிற்று. 2011 டிசம்பரில் மினசோட்டா மாநிலத்துச் சென் போல் நகரிலிருந்த தொழிற்சாலையில் பழைய றேஞ்சரின் உற்பத்தி நின்றது. அதன் பெயர் தாங்கிப் பின்னர் வந்த வண்டி உடலிலும் பெரிதாயிற்று. 2024ஆம் ஆண்டு மாதிரி அந்நாட்டில் வெளிவந்தபோது நான்கு கதவும் ஐந்தடிப் பெட்டியும் உள்ள ஒரே வகையாகவே வந்தது.

ஆனால் தேவை மடியவில்லை. 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்னும் புதிய நிறுவனம் மின்கலத்தில் ஓடும் ஒரு சிறுவண்டியை அறிவித்தது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, ஐந்தடிப் பெட்டி. நீளம் 175 அங்குலத்துக்குள். கண்ணாடியைக் கையாற் சுழற்றி இறக்கவேண்டும். வெளியே வர்ணமும் பூசப்படவில்லை. வானொலிப் பெட்டியும் இல்லை. கடைசியாகச் சொன்ன சிக்கனத்தை மட்டும் இந்த நிலையத்திலிருந்து பேசும் நான் ஆதரிப்பதற்கில்லை. ஆசியாவிலோ இவ்வகை வண்டி ஒருபோதும் மறையவில்லை. டொயோட்டா நிறுவனம் 2023 நவம்பரில் தாய்லாந்தில் வெளியிட்ட ஹைலக்ஸ் சாம்ப் என்பது இரு கதவு மட்டுமே உடையது. சில்லிடைத் தூரத்திற் குட்டை, நெட்டை என இரண்டு வகை. பின்னே தட்டையான தளம். அதன் மேல் கடை கட்டுவோர் கடை கட்டலாம், கூடு கட்டுவோர் கூடு கட்டலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பட்டா என்ற பெயரால் ஊரெங்கும் அறியப்பட்ட சிறுவண்டியை நேயர்கள் அறிவீர்கள். இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ் என்பதே அது. பட்டா என்றால் சிங்களத்தில் சிறியவன். அந்தச் சிறியவனின் நீளம் 3.8 மீற்றர், அதாவது 150 அங்குலம். அதில் 2.2 மீற்றர், ஏழடிக்கும் மேல், பெட்டி! 200 அங்குல அமெரிக்க வண்டியின் நாலரை அடியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். சாரதி இயந்திரத்தின் மேலேயே அமர்ந்து விடுவதால் முன்மூக்குக்கு இடம் செலவாவதில்லை. அதற்குரிய விலையும் உண்டு. மோதல் நேரும்போது சாரதியின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் இடையே நிற்பது மெல்லிய தகடுதான். நெடுந்தூரம் விரைந்து செல்வதற்கு அது ஏற்றதன்று. கிளிநொச்சியிலிருந்து நெல் மூட்டையோடு தம்புள்ளைவரை போகவேண்டியவருக்கு மூக்குள்ள சிங்கிள் கெப்பே ஏற்றது. சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவருக்குப் பட்டா போதும்.

டபுள் கெப்பைப் பற்றி நம்மவரிடம் வேறோர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அது அதிகாரிகள் இறங்கிவரும் வண்டி. வாசலில் அது நின்றால் வீட்டுக்காரரின் மதிப்பு உயரும். திருமணப் பேச்சிலும் அது ஒரு வரியாக இடம்பெறும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்படும்வரை பழைய வண்டிகளே கைமாறின. விலை மலைபோல் ஏறிற்று. அக்காலத்தில் காணியை ஈடுவைத்து டபுள் கெப் வாங்கிய கமக்காரர்கள் உளர். வெங்காயம் ஏற்றுவதற்கு மறுபடி உழவு இயந்திரத்தின் பெட்டியை வாடகைக்குப் பிடித்தவர்களும் அவர்களுக்குள் உளர். பின்னிருக்கையிலும் வெங்காயச் சாக்கை அடுக்கலாந்தான். அடுக்கியபின் அந்த வண்டியில் ஏறி மாப்பிள்ளை பார்க்கப் போக முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். சிங்கிள் கெப்பின் முன்னே சாரதியோடு ஒருவர், மிஞ்சினால் இருவர். களை பிடுங்கவும் அறுவடைக்கும் போகிற எட்டுப் பேர் எங்கே அமர்வது? பெட்டிக்குள்ளே, மண்வெட்டிக்கும் எண்ணெய்க் கலனுக்கும் நடுவே, சில வேளை மூட்டைகளின் உச்சியிலே. அவர்களிற் பெரும்பாலார் பெண்கள். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளையும் இவ்வாறு ஏற்றிச் செல்வதைக் கண்டிருக்கிறோம். வண்டி சடுதியாக நிற்கும்போது பெட்டியிலிருப்பவரைத் தடுத்து நிறுத்துவதற்கு அங்கே யாதும் இல்லை. நீண்ட பெட்டியின் பயனை வியந்து பேசுகிறவர்கள் அந்தப் பெட்டி நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் குழாய்க்கும் உரியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நாள்தோறும் ஆளேற்ற வேண்டியவர் டபுள் கெப் வாங்குவதே முறை; அவரை நான் வீண் பெருமைக்காரர் என்று சொல்லமாட்டேன். சுமை பெரிதாகவும் ஆள் இருவராகவும் உள்ளவருக்கு மட்டுமே நான் சொன்ன கணக்குப் பொருந்தும். அத்தகையோர் நம் கமக்காரரிலும் கடற்றொழிலாளரிலும், மேசன், தச்சர், குழாய் பொருத்துவோரிலும் ஏராளம். வலையும் வெளியிணைப்பு இயந்திரமும் ஐஸ்பெட்டியும் ஏற்றிப் பருத்தித்துறைக் கரைக்கு விடியுமுன் போகிறவருக்குப் பின்னிருக்கையால் ஆவதென்ன?

வாங்கப் போகிறவர்கள் ஓர் அளவுநாடாவைக் கொண்டு செல்லுங்கள். விற்பவர் ஆறடி என்பார். அவர் பின்பலகையைத் திறந்துவைத்துச் சொல்கிறாரா, மூடிச் சொல்கிறாரா என்று பாருங்கள். பலகையை மூடி, தளத்தின் மேல் உட்புறமாக அளவெடுக்க வேண்டும். மேல் விளிம்பில் அளந்தால் சில அங்குலம் மாறுபடும். பின்னர்ப் பெட்டிக்குள் இருபுறமும் மேடாக எழும் சில்லு மூடிகளுக்கிடையே அகலத்தை அளவுங்கள். நாலடி அகலமும் எட்டடி நீளமுமான பலகைத் தகடு பல சிறிய கெப்புகளில் அந்த மேடுகளுக்கிடையே தட்டையாகப் படியாது. மேடுகளின் மேற் குறுக்குச் சட்டம் போட்டே வைக்கவேண்டும். பட்டாவின் தளத்தில் மேடே இல்லை. தகடு அகலத்தில் தாராளமாகப் படியும், நீளத்திற் சிறிது வெளியே நீளும். இறுதியாக, நிலத்திலிருந்து தளம் எவ்வளவு உயரம் என்பதைப் பாருங்கள். இக்காலத்து வண்டிகள் பெட்டியை மார்பளவுக்கு உயர்த்திவிட்டன. ஐம்பது கிலோ மூட்டையைத் தோளிலிருந்து இறக்குகிறவருக்கு இடுப்பளவு உயரமே இசைவானது. அதனை அளப்பதற்கு நாடாவும் வேண்டியதில்லை, அருகில் போய் நின்றாலே போதும்.